சுபா கேட்ட மன்னிப்பு

கன்னத்தில் அறை விழுந்த சத்தத்தை நான் கேட்கவில்லை. ட்ரே விழுந்த சத்தத்தைத்தான் கேட்டேன்.

காலை பத்து மணி இருக்கும். நான்காவது வார்டின் கவுண்டரில் உட்கார்ந்து, அன்றைக்கு வீட்டுக்குப் போகிறவர்களின் கேஸ் ஷீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டீல் ட்ரே தரையில் விழுந்து, கிறுகிறுவென்று சுற்றி அடங்கியது. யாரோ கைதவறிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, “யாருட்டி அது?” என்று கேட்டுக்கொண்டே எழுந்து போனேன்.

ஜன்னலோரக் கட்டிலுக்குப் பக்கத்தில் சுபா நின்றிருந்தாள். இடது கன்னம் சிவந்து, அதில் விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. கண்ணாடி ஒரு காதில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு எதிரே வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கட்டிலில் அவனுடைய அப்பா, கட்டுப் போட்ட காலை இரண்டு தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார்.

“எனக்க அப்பனை அரை மணிக்கூரா ஊசி போடாம கிடத்தியிருக்கா. கேட்டா, டாக்டர் வரட்டும்ங்கா. டாக்டர் எழுதினதைத் தடுக்க இவ யாரு?” என்று அவன் என்னைப் பார்த்துக் கத்தினான்.

வார்டில் பன்னிரண்டு நோயாளிகள். துணைக்கு இருந்தவர்களையும் சேர்த்தால் இருபது பேருக்குக் குறையாது. எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள்.

சுபா அழவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கீழே குத்தவைத்து உட்கார்ந்தாள். உடைந்த மருந்துக் குப்பியின் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். கழிப்பறைக்குப் போகிறவர்கள் வெறுங்காலோடு நடக்கிற வழி அது. அடி வாங்கிய அந்த நிமிஷத்திலும் அவளுக்கு அதுதான் தோன்றியிருக்கிறது.

 

அரை மணி நேரத்தில் நடந்தது

சுபாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் வீடு. அப்பாவுக்கு வடசேரி சந்தையில் வாழைக்குலை வியாபாரம். எங்கள் மருத்துவமனைக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. நாகர்கோவிலைச் சுற்றி இருக்கிற தனியார் ஆஸ்பத்திரிகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே அந்த வார்டின் பொறுப்பு நர்ஸ். எல்லாரும் லில்லி சிஸ்டர் என்பார்கள்.

பெரியவருக்குச் சர்க்கரை நோய். காலில் முள் குத்தி, புண் பழுத்து, முந்தின நாள் வந்து சேர்ந்திருந்தார். காலையில் டாக்டர் புதிதாக ஓர் ஊசி எழுதிவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்விட்டார். பென்சிலின் வகை ஊசி.

சுபா மருந்தை எடுத்துக்கொண்டு போனவள், போடுவதற்கு முன்னால் பெரியவரிடம் ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று எல்லா நர்ஸுகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். அவசரத்தில் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள்.

“தாத்தா, உங்களுக்கு ஏதாவது ஊசி சேராம போயிருக்கா?”

“ஒருக்கா திருவனந்தபுரத்துல வச்சு போட்டினும் பிள்ளே. மூஞ்சியெல்லாம் வீங்கி, சுவாசம் கிட்டாம போச்சு. பிழைச்சது புண்ணியம்.”

அது என்ன ஊசி என்று அவருக்குத் தெரியவில்லை. பெயர் ‘பெ’ என்ற எழுத்தில் தொடங்கும் என்றார். அவள் கையை இறக்கிவிட்டாள். தியேட்டருக்கு இரண்டு தடவை போன் செய்தாள். டாக்டர் ஒரு நோயாளியின் வயிற்றைத் திறந்து வைத்திருக்கிறார், முடித்துவிட்டு வருவார் என்றார்கள். அவள் காத்திருந்தாள். என்னிடமும் வந்து சொன்னாள். “நிப்பாட்டி வை. நல்ல காரியம் செஞ்ச” என்றேன். என் வாயால் அப்படிச் சொன்னேன் என்பதை மறக்காமல் இங்கே எழுதி வைக்கிறேன்.

அடித்தவன் போன பிறகு டாக்டர் வந்தார். சுபா விஷயத்தைச் சொன்னாள். அவர் பெரியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். உடனே அந்த மருந்தின் பெயரை அடித்துவிட்டு வேறொன்று எழுதினார். கேஸ் ஷீட்டின் தலையில் சிவப்பு மையால் ‘பென்சிலின் ஒவ்வாது’ என்று பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டார்.

அவள் கன்னத்தையும் பார்த்தார். நிச்சயமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஒரு உயிரைக் காப்பாற்றியவளுக்கு “சரியாகச் செய்தாய்” என்ற இரண்டு வார்த்தை இல்லை. அந்த ஆள் கொடுத்த அறையைவிட எனக்கு இது அதிகமாக வலித்தது.

தேவதைகளுக்குப் பசிக்காது

இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு வாசகி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். “எப்போது பார்த்தாலும் கோபமாகவே எழுதுகிறீர்களே, அந்த வேலையில் உங்களுக்கு மனநிறைவே கிடைத்ததில்லையா?” என்று கேட்டிருக்கிறார்.

கிடைத்திருக்கிறது அம்மா. நிறையவே.

நாறிக் கிடக்கிற புண்ணைத் தினமும் கழுவிக் கட்டி, ஒரு நாள் காலையில் கட்டைப் பிரிக்கும்போது அடியில் மாதுளைமுத்து மாதிரி புதுச்சதை தெரியும் பாருங்கள். அந்தச் சந்தோஷம் வேறு எந்த வேலையிலும் கிடைக்காது. மூன்று நாளாக மூத்திரம் பிரியாத மனிதருக்குப் பிரிந்ததைப் பார்த்து, பையில் நிறைகிற அந்த மஞ்சள் தண்ணீரைப் பார்த்து, வேறு யார் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்வார்கள்? நான் சொல்லியிருக்கிறேன்.

வேலை எங்களை முறிப்பதில்லை. சீழும் ரத்தமும் முறிப்பதில்லை. எட்டு மணி நேரம் நின்று கால் வீங்குவதுகூட முறிப்பதில்லை. வீட்டுக்குப் போய் உப்புத் தண்ணீரில் காலை வைத்தால் சரியாகிவிடும். முகத்தை வைத்துப் பொய் சொல்லச் சொல்கிறார்களே, அதுதான் முறிக்கிறது. உள்ளே கொதிக்கும்போது வெளியே சிரி. அவமானப்பட்டால் தண்ணீர் குடித்துவிட்டு வந்து சிரி. அதற்கு எந்த உப்புத் தண்ணீரும் கிடையாது.

மேடை போட்டு எங்களைத் தேவதை என்பார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். மனுஷி என்று சொன்னால் சாப்பாட்டு நேரம் கொடுக்க வேண்டும், லீவு கொடுக்க வேண்டும். தேவதைக்குப் பசிக்காது. தேவதைக்கு மாதவிடாய் வராது. தேவதையை அடித்தால் அவளுக்கு வலிக்காது.

கொரோனா காலத்தில் எங்களுக்காகக் கை தட்டினார்கள். அதே வாரம் எங்கள் வார்டுப் பெண் ஒருத்தியை, வாடகைக்கு வீடு கொடுத்தவர் உள்ளே வரக் கூடாது என்று சொல்லி, அவளுடைய பெட்டியைத் தெருவில் வைத்தார். அவரும் மாடியில் நின்று கை தட்டியவர்தான்.

பெண் பார்க்க வருகிறவர்களும் அப்படித்தான். “நர்ஸா? கல்யாணம் கழிஞ்சா வெளிநாடு போவாளா?” என்று ஒரு கேள்வி. “ராத்திரி டூட்டி உண்டுமா?” என்று குரலைத் தாழ்த்தி இன்னொரு கேள்வி. முதல் கேள்வியில் ஆசை. இரண்டாவதில் சந்தேகம். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண் எங்கே?

சரி, வார்டுக்கு வருகிறேன்.

ஒரு வார்த்தைதானே

எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு போர்டு உண்டு. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவது ஜாமீனில் வர முடியாத குற்றம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். தினமும் அதைத் துடைப்பார்கள்.

அன்று மத்தியானம் நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்தப் போர்டைத் தாண்டித்தான் அவர் அறைக்குப் போக வேண்டும்.

“லில்லி சிஸ்டர், அந்தப் பிள்ளை எதிர்த்துப் பேசினதா சொல்லுதாங்க.”

“அவ பேசவே இல்ல சார். அவன்தான் அடிச்சான்.”

“அவிய பெரிய குடும்பம். அந்தப் பக்கத்து ஆளுகள் எல்லாம் அவிய சொல்லித்தான் நம்மகிட்ட வருது. அவரு பேஸ்புக்குல போடுவேன்னு நிக்காரு. அந்தப் பிள்ளையை ஒரு மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க. முடிஞ்சு போவும்.”

“கேஸ் ஷீட்டைப் பாருங்க சார். அவ நிப்பாட்டாம இருந்தா அந்த மனுஷன் இப்போ...”

“அது எனக்குத் தெரியும். நான் சரி தப்பு பேசல்ல. முடிச்சு வைக்கதைப் பத்திப் பேசுகேன்.”

நான் அங்கே இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். முடியாது என்று சொல்லியிருக்கலாம். இருபத்தெட்டு வருஷ அனுபவம். என்னை அவர் என்ன செய்துவிட முடியும்? ஆனால் அந்த இருபத்தெட்டு வருஷமும் எனக்குக் கற்றுக்கொடுத்தது, “சரி சார்” என்று சொல்வதைத்தான். சொன்னேன்.

சுபா ஸ்டோர் அறையில் பஞ்சுப் பொதிகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

“மக்கா, ஒரு வார்த்தைதானே. வாயால சொன்னா போச்சு. மனசுல இருந்தா சொல்லப் போற?”

“நான் என்ன தப்பு செஞ்சேன் சிஸ்டர்?”

“தப்பு இல்ல மக்கா.”

“பின்னே?”

 நான் அவள் கையைப் பிடித்து எழுப்பினேன்.

மூன்று மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அடித்தவன் திரும்பி வந்து, இன்னும் இரண்டு சொந்தக்காரர்களை வரவழைத்து நிறுத்தியிருந்தான். சுபா கட்டில் பக்கத்தில் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால், முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். தைரியம் கொடுக்கிறேன் என்று நினைப்பு. இப்போது யோசித்தால் தெரிகிறது, அந்தக் கை அவளை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது.

“மன்னிச்சிருங்க அண்ணா.”

“சத்தமா சொல்லு. அப்பனுக்குக் கேக்கட்டு.”

“மன்னிச்சிருங்க.”

பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். இருமுகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டிலும் அவளுக்கு நிம்மதி இல்லை. அப்பா கேட்ட முதல் கேள்வி, “நீ அவனை என்ன சொன்ன?” என்பதாம். அடி வாங்கினவளிடம் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

ஐந்தாவது முகம்

பத்து நாள் கழிந்தது. ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்றிதழ் வாங்க ஆய்வுக்கு வருகிறார்கள் என்றார்கள். எல்லா நர்ஸுகளுக்கும் ஒரு படிவம் வந்தது. மேலே ‘பணித் திருப்தி’ என்று தலைப்பு. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஐந்து முகம். முதலாவது அழுகிறது. ஐந்தாவது பல்லைக் காட்டிச் சிரிக்கிறது.

“எல்லாரையும் அஞ்சாவதுல டிக் போடச் சொல்லுங்க” என்று போனில் உத்தரவு.

படிவங்களைச் சாப்பாட்டு நேரத்தில் சேகரித்தேன். ஒன்று விடாமல் ஐந்தாவது முகம். சுபாவினுடையதை மட்டும் நின்று படித்தேன்.

‘என் பணியிடத்தில் நான் மதிக்கப்படுகிறேன்.’ ஐந்தாவது முகம்.

‘பிரச்சினை வரும்போது என் மேலாளர் எனக்குத் துணை நிற்கிறார்.’ ஐந்தாவது முகம். மேலாளர் என்றால் நான்தான்.

“ஏட்டி, இது உனக்க மனசா?” என்று கேட்டேன்.

அவள் மோர்க்குழம்பு ஊற்றிய சோற்றைப் பிசைந்துகொண்டே, கோபமே இல்லாமல் சொன்னாள்.

“ஒரு வார்த்தைதானே, வாயால சொன்னா போச்சுன்னு நீங்கதான சிஸ்டர் சொன்னீங்க. இது அதைவிட எளுப்பம். வாயைத் திறக்கவே வேண்டாம்.”

பக்கத்தில் இருந்த பெண்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். நான் இருபத்தெட்டு வருஷத்தில் கற்றதை அவளுக்குப் பத்தே நாளில் கற்றுக் கொடுத்துவிட்டேன். இனி ஒரு நோயாளியிடம் “உங்களுக்கு ஊசி சேராமல் போயிருக்கா?” என்று கேட்க அவளுக்கு நாக்கு வருமா? எதற்கு வம்பு என்று டாக்டர் எழுதினதைப் போட்டுவிட்டு வரமாட்டாளா? அப்படிப் போட்டு ஒருவர் செத்தால் அது யார் கணக்கு?

படிவங்களை மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டினேன்.

“சுபா, நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போவோம்.”

அவள் சிரித்தாள். “பத்து நாளாச்சு சிஸ்டர். இப்பமா?”

“இப்பம்தான்.”

“வேலைக்குச் சேரும்போ வாங்கி வச்ச எனக்க சர்டிபிகேட் எல்லாம் இவிய பீரோவுக்குள்ள இருக்கு. தரமாட்டினும்.”

“தராம எங்க போவாங்க? அதுக்கும் சேர்த்துக் கேப்போம்.”

அவள் தட்டில் மிச்சமிருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினாள். பிறகு கேட்டாள். “நீங்களும் வருவியளா? கூட நிக்கதுக்கு இல்ல. நடந்ததை எழுத்துல போடுவியளா?”

“போடுவேன்.”

என்ன ஆனது என்றால்

ஸ்டேஷனில் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், இதெல்லாம் எங்கே போய் முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் வாரம் முழுக்கக் கேட்பீர்கள்.

புகார் கொடுத்த மறுநாள் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வார்டுக்கு விசாரிக்க வந்தார். “கையை ஓங்கினேன், அடிக்கல்ல” என்றான் மகன். கேமரா அன்றைக்கு ரிப்பேர் என்றார் நிர்வாக அதிகாரி. பக்கத்துக் கட்டில்காரர்கள் யாரும் எதையும் பார்க்கவில்லை. எல்லாரும் அந்த நேரம் தூங்கியிருக்கிறார்கள், காலை பத்து மணிக்கு.

புண் ஆறாமல் இன்னும் வார்டில் இருந்த பெரியவர் கட்டிலில் இருந்து கையைத் தூக்கினார்.

“அடிச்சான் சாரே. எனக்குக் காலுலதான் சூக்கேடு. கண்ணுக்கு ஒண்ணும் இல்ல.”

“அப்பா, நீரு சும்மா கிடயும்” என்றான் மகன்.

“நீ சும்மா நில்லுலே. அந்த ஊசி எனக்குச் சேராதுன்னு நான்தான் அந்தப் பிள்ளைகிட்ட சொன்னேன். அன்னைக்கே நான் வாயைத் தொறந்திருக்கணும். பெத்த மோனுன்னு பயந்து கிடந்துட்டேன்.”

அந்த வாக்குமூலத்துக்குப் பிறகு அவனுடைய ஆட்கள் சமாதானம் பேச வந்தார்கள். சுபா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். ஸ்டேஷனில் வேண்டாம், அடித்த இடத்தில், அதே நேரத்தில், வார்டில் எல்லாரும் இருக்கும்போது அவன் “மன்னிச்சிரு” என்று சொல்ல வேண்டும். அவன் வந்து சொன்னான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். மனதில் இருந்து சொன்னானா என்றால், இல்லை. ஆனால் சொன்னான்.

அடுத்த மாதமே என்னை வார்டில் இருந்து எடுத்து, கருவிகளைக் கிருமி போக அவிக்கிற அறைக்குப் போட்டார்கள். ஆவியும் சூடும் தவிர அங்கே பேச்சுத் துணை இல்லை. சில மாதம் பார்த்துவிட்டு வேலையை விட்டேன். இப்போது வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறேன். எங்கே போனாலும் சிரிக்கத் தோன்றினால் சிரிக்கிறேன். இல்லாவிட்டால் இல்லை.

சுபா ராஜினாமா கொடுத்த பிறகும் சான்றிதழ்களைத் தராமல் இழுத்தடித்தார்கள். வக்கீல் நோட்டீஸ் போன பிறகுதான் பீரோ திறந்தது. அவள் இப்போது மஸ்கட்டில் இருக்கிறாள். நல்ல நர்ஸ் ஒருத்தியை இந்த ஊர் அப்படித்தான் அனுப்பி வைத்தது. பிறகு, ‘நம் பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்விடுகிறார்கள்’ என்று இதே ஊர் வருத்தப்படும்.

ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்றிதழ் கிடைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

எழுத்தில்

அந்த ஸ்டேஷன் காலையைப் பற்றி.

சுபா அவளுடைய அப்பாவோடு வந்திருந்தாள். அவர் வாழைக்கறை படிந்த வேட்டியோடு சந்தையில் இருந்து நேரே வந்திருந்தார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. மகளைவிட ஒரு அடி முன்னால் நின்றுகொண்டார்.

புகாரை எழுதி வாங்கும் ரைட்டர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். சுபா சொல்லச் சொல்ல, நிறுத்தி நிறுத்தி எழுதினார். அவள் குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. மருந்தின் பெயர், நேரம், போன் செய்தது, அடி விழுந்த கன்னம் எல்லாவற்றையும் டூட்டி மாறும்போது ஒப்படைக்கிற மாதிரி வரிசையாகச் சொன்னாள். மன்னிப்புக் கேட்ட இடம் வந்ததும், “அன்னைக்கே மன்னிப்பும் கேட்டேன் சார்” என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டாள். யார் கேட்க வைத்தது என்று சொல்லவில்லை.

ரைட்டர் என் பக்கம் திரும்பினார். “நீங்க யாரும்மா? சாட்சியா?”

“சாட்சிதான். அவளைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி மன்னிப்புக் கேக்க வச்சதும் நான்தான். அதையும் எழுதுங்க.”

அவர் பேனாவை நிறுத்தினார். “அது கேஸுக்கு வேண்டாம்மா. உங்களுக்குத்தான் கெட்ட பேரு.”

“கேஸுக்கு வேண்டாம்னா இருக்கட்டும் சார். அவளுக்கு வேணும். எழுதுங்க.”

சுபா அப்போதுதான் முதல் தடவையாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். பத்து நாளாக அவள் என் முகத்தையே பார்த்திருக்கவில்லை என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

ரைட்டர் எழுதி முடித்து, தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்துப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டேன்.